துடைக்கக் கூடாத ஜாடி

நெய்வேலி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டராக இருந்தபோது, அங்கிருந்த மெக்கானிக்கின் கை ஓயவே ஓயாது. பக்கத்து அனல் மின் ஆலையிலிருந்து காற்றில் வரும் சாம்பல் படிந்தால் லைன் போய்விடும் என்று, தோளில் கிடக்கும் பனியன் துணியால் எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் மாசு அளக்கும் அதிகாரி மொட்டைமாடியில் ஒரு ஜாடியை வைத்துவிட்டுப் போனார். எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து வந்து பார்த்தால், ஜாடி பளபளத்தது.

“தெனமும் நான்தாங்க தொடச்சி வெச்சேன்” என்றார் மெக்கானிக், பெருமையாக.

அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். “ஜாடியில சாம்பலே இல்லன்னா, சிம்னிக்கு வடிகட்டி போடுன்னு ஆலையை எப்படிங்க கேக்கறது?”

வேறு ஜாடி வைத்தார்கள். மெக்கானிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதையே சுற்றிச் சுற்றி வந்தார்.

“சும்மா பாத்துக்கினு நிக்கறதுதாங்க கஷ்டமா இருக்குது” என்றார் என்னிடம்.

அந்த மாதம் அவர் துடைத்த துடைப்பில் என் மேஜையின் பாலிஷே போய்விட்டது.