யாருடைய ஊரும் இல்லாத வரைபடம்

1. முதல் படம்

ஸ்டுட்கார்டில் கருத்தாய்வு நிறுவனம் ஒன்றில் வேலை செய்தேன். ஒரு விளம்பரம் வெளிவருமுன் சிலரை அறையில் இருத்தி, அதைக் காட்டி, மனதில் என்ன படுகிறது என்று கேட்பதுதான் தொழில். பெரும்பாலும் தயிரும் பற்பசையும்தான்.

ஒருமுறை நேச நாடொன்றின் அரசு வாடிக்கையாளராக வந்தது. அணுகுண்டு விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லும் கையேட்டை ஜேர்மனியில் வெளியிடப் போகிறார்கள். அதை வாசிப்பவர்கள் மிரண்டு, இங்குள்ள அவர்களின் படைத்தளங்களுக்கு எதிராகத் தெருவில் இறங்கிவிடக் கூடாது. அதுதான் அவர்களின் கவலை.

கையேட்டின் வரைபடத்தில் ஊர்ப்பெயர் இல்லை, அழிவு எட்டும் தூரத்தைக் காட்டும் சிவப்பு வட்டங்கள் மட்டும். ஆனால் வரைந்தவர் எங்கள் நகரத்தையே அடியில் வைத்திருந்தார். ஆற்று வளைவைப் பார்த்ததும் முதல் குழுவில் எல்லோரும் விரலை வைத்துத் தங்கள் தெருவைத் தேடினார்கள். ஒரு பெண் பிள்ளையைக் கூட்டிவர வேண்டும் என்று பாதியில் எழுந்து போனார். என் மகளின் பள்ளிக்கூடம் இரண்டாவது வட்டத்துக்குள் இருந்தது.

2. இரண்டாவது படம்

யாருக்கும் தெரியாத இடமாகப் போடச் சொன்னார் மேலாளர் சபீனா. ஏதோ ஒரு கடற்கரை வந்தது. அடுத்த குழு நிதானமாகப் பார்த்து, காப்பி குடித்து, எழுத்து சிறிதாக இருக்கிறது என்று குறை சொன்னது. ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்த அந்த அரசின் அதிகாரிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அந்தக் குழுவில் ஒரு தமிழரும் இருந்தார், பஸ் ஓட்டுநர் சிவம் அண்ணை. முடிந்ததும் வாசலில் என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, இது எங்கட யாழ்ப்பாணமெல்லோ. வட்டத்துக்குள்ள என்ர அக்கா இருக்கிறா. ஏதும் செய்யப் போகினமோ?"

இங்கேயே வளர்ந்த எனக்கு அதுவரை பிடிபடவில்லை. மறுபடி பார்த்தேன். ஓம், யாழ்ப்பாணம்தான்.

"இல்லை அண்ணை, சும்மா ஒரு படம்."

"சும்மா எண்டால் உங்கட ஊரைப் போடுங்கோவன்."

எங்கள் ஊரைத்தான் முதலில் போட்டோம், பயந்து எடுத்துவிட்டோம் என்பதை அவரிடம் மறைத்துவிட்டேன்.

3. அறிக்கை

சிவம் அண்ணை வாசலில் கேட்டதைச் சொன்னேன்; அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றார் சபீனா. அவர் ஒருவர்தானே, மற்ற எல்லோரும் அமைதியாக இருந்தார்களே என்றார். வேலை போய்விடுமோ என்று பயமாக இருந்தது. இருந்தாலும் எழுதினேன்: இடத்தை அறிந்தவர் ஒருவரே, அவர் பயந்தார்.

அந்த ஒரு வரியால் ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்குப் போனது. சபீனா என்னுடன் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு கையேடு வெளிவந்தது. எந்த ஊரைப் போட்டிருப்பார்களோ என்று பதறிக்கொண்டே திறந்தேன். வட்டங்கள் அப்படியே இருந்தன. அடியில் நிலம் இல்லை, வெறும் வெள்ளைத் தாள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, மக்கள் அமைதியாக இருந்தார்கள் என்று எழுதுமுன், அவர்களுக்குக் காட்டியது யாருடைய ஊர் என்று கேளுங்கள்.