அத்தான் தேய்த்த கண்ணாடிகள்

எங்கள் கடைத்தெருவில் அத்தானின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. கண்ணாடிக்காரர் என்றால்தான் தெரியும். என் அக்காவைக் கட்டியவர். பதினெட்டு வருடமாக மூக்குக்கண்ணாடி செய்துகொடுக்கிறார். முன்பக்கம் வாடிக்கையாளர்களோடு மல்லுக்கட்டுவது நான், உள்ளே லென்ஸோடு உட்கார்ந்திருப்பது அவர். வாய் எனக்கு, வேலை அவருக்கு என்று அக்கா கேலி செய்வாள். பொய்யில்லை.

சுழலும் கல்லில் தண்ணீர் சொட்டச் சொட்ட லென்ஸின் ஓரத்தைத் தேய்ப்பார். கண்ணாடிச் சட்டத்தில் கச்சிதமாக உட்காரும். ஒன்றை இரண்டாம் தடவை தேய்த்து நான் பார்த்ததில்லை. "எந்தக் கண்ணுக்கும் அதுக்குன்னு ஒரு பவர் இருக்கும்" என்பார். அந்த நினைப்புதான் மனிதரைப் பாடாய்ப் படுத்தியது.

அவர் மகளுக்கு வயது ஏழு, வளர்த்தி நாலு வயதுக்குத்தான். டாக்டர் தாளில் படம் போட்டே காட்டினார். வயிற்றில் இருக்கும்போதே மூளையின் முன்பக்கம் சரியாக உருவாகவில்லை. நடுவே இருக்க வேண்டிய மெல்லிய சவ்வு இல்லை. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு நூலாக மெலிந்திருக்கிறது. வளர்த்திக் குறைவும் அதனால்தானாம். பல ஆயிரம் பிள்ளைகளில் ஒன்றுக்கு வருமாம். "யார் மேலயும் தப்பில்லைங்க. ஆனா கண்ணாடியால ஒண்ணும் ஆகாது" என்றார். அத்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசிப் பேச்சு மட்டும் அவர் காதில் ஏறவே இல்லை.

பார்வையில்லாத பிள்ளைகளுக்கான பள்ளியில் அக்கா அலைந்து திரிந்து ஓர் இடம் பிடித்திருந்தாள். விரலால் தடவிப் படிக்கச் சொல்லித்தருவார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சேர்க்காவிட்டால் இடம் போய்விடும். அத்தானோ, "கொஞ்சம் பொறு. பவர் பிடிபட்டுடும், சாதாரணப் பள்ளிக்கூடத்துக்கே போவா" என்றார். போன வருடமும் இதே பாட்டுதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டாக்டருக்குத் தெரியாதது உங்க லென்ஸுக்குத் தெரியுமா அத்தான்?"

"அவளே தெரியுதுங்கிறாளே. பிள்ளை பொய்யா சொல்லுது?"

தினமும் மத்தியானம் சோதனைச் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லாருக்கா, அது நல்லாருக்கா?" என்று கேட்பார். அவளும் யோசித்துத்தான் சொல்வாள். எனக்கே சில நாள் நம்ப ஆசை வந்துவிடும்.

வியாழக்கிழமையும் உட்காரவைத்தார். போட்டிருந்த லென்ஸ் இரண்டையும் கழற்றி மேசையில் வைத்தார். அதற்குள் வாசலில் ஒரு ஆள், "என் கண்ணாடி ரெடியா?" என்று கத்த, "நாளைக்கு வாங்க" என்று பதில் சொல்லிவிட்டுத் திரும்பி, அந்த ஆள் ஞாபகத்திலேயே லென்ஸ் போடாமல் வெறும் சட்டத்தைப் பிள்ளைக்கு மாட்டிவிட்டார். நான் பார்த்துவிட்டேன். சொல்ல வாயெடுப்பதற்குள் கேட்டுவிட்டார்.

"இப்ப எப்படிடா இருக்கு கண்ணு?"

"நேத்தைவிட நல்லா தெரியுதுப்பா. நீ சிரிக்கிறியே."

அத்தான் நிஜமாகவே சிரித்துக்கொண்டுதான் இருந்தார். சட்டத்தைச் சரிசெய்யக் கையைக் கொண்டுபோனார். விரல் வளையத்துக்குள்ளே புகுந்து அவள் இமையில் பட்டது. பிள்ளை வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டாள். மேசையில் கிடந்த இரண்டு லென்ஸையும் அத்தான் பார்த்தார். அப்புறம் அவள் முகத்திலிருந்த வெறும் வளையத்தைப் பார்த்தார்.

அப்பாவின் சிரிப்புச் சத்தம் நின்றதும் பிள்ளையின் முகம் வாடிவிட்டது. கையை நீட்டி அப்பாவின் சட்டையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பா சொல்லிட்டேனாப்பா? எது நல்லா தெரியுதுன்னு சொல்லணும்னு நீயே சொல்லுப்பா. அதையே சொல்லிடறேன்."