விரிசல் விழுந்த அச்சுப்பலகை

செய்தி வந்தபோது காலை பத்து மணி, டிசம்பர் மூன்றாம் தேதி. துறைமுகத்தில் மீன் ஏலம் முடிந்ததற்கான சங்கு அப்போதுதான் ஊதி ஓய்ந்திருந்தது. என் நாத்தனார் ஹில்க்யாவின் பக்கத்து வீட்டுக்காரர் வாட்ஸே போனில் கூப்பிட்டார்.

"மின்கே, நின்னுட்டிருக்கியா? உக்காரு."

"சொல்லுங்க."

"ஹில்க்யா சமையலறையில விழுந்து கிடந்தா. அடுப்பு எரிஞ்சிட்டிருந்துது, அதை மட்டும் அணைச்சேன். வேற எதையும் தொடல."

மூளையில் ரத்தக்குழாய் வெடித்து உயிர் போய்விட்டது என்றார் மருத்துவர். விழும்போது மேசை விளிம்பில் மோதி நெற்றி பிளந்திருந்தது. ஊரில் எவனாவது அவள்மேல் கைவைத்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள். இது உள்ளேயிருந்து வந்தது.

ஹில்க்யா முப்பத்தைந்து வருடம் மீன் கூடத்தில் மீன் அறுத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இடது காது கேட்காது. அதனால் எதையும் உரக்கத்தான் சொல்வாள், தேவாலயத்தில்கூட. அந்தக் காதைச் செவிடாக்கியவர் அவளுடைய அப்பா சியூர்ட். இறால் படகுக்காரர். குடித்தால் அடிப்பார், குடிக்காவிட்டால் குறிபார்த்து அடிப்பார். ஈரக் கயிற்றைச் சுருட்டி ஒருநாள் வீசியதில் சிறுமியின் காதிலிருந்து ரத்தம் கழுத்து வரை வழிந்தது. அவர் பெல்ட்டை உருவும் சத்தம் கேட்டதும் தம்பி டூக்கேயைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, கட்டிலின் முன்னால் குப்புறப் படுத்துக்கொள்வாளாம். பெல்ட் கொக்கி விழுந்த தழும்புகள் கடைசி வரை அவள் முதுகில் இருந்தன. கோடையில் கடலில் குளிக்கும்போதும் சட்டையைக் கழற்ற மாட்டாள்.

அந்த வீட்டில் அடி விழாத மாலை வருடத்துக்கு ஒன்றுதான். டிசம்பர் ஐந்து, சிந்தர்க்ளாஸ் என்னும் புனிதரின் திருநாள் மாலை. யாரோ வெளியே கதவைத் தடதடவென்று தட்டிவிட்டு ஓடுவார்கள். திறந்தால் வாசலில் பரிசு மூட்டை. ஒவ்வொரு பரிசையும் ஏதோவொரு வேடத்துக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள், காகிதமும் பசையும் கம்பியும் கொண்டு வீட்டிலேயே செய்தது. கஞ்சனுக்குப் பூட்டு, சோம்பேறிக்குத் தலையணை. கூடவே கேலிப் பாட்டு. அதை வாங்குகிறவர்தான் எல்லோர் முன்னாலும் உரக்கப் படிக்க வேண்டும். செய்தது யாரென்று கேட்கக் கூடாது, அனுப்பியவர் புனிதர். கோபப்படவும் கூடாது. "நன்றி, சிந்தர்க்ளாஸ்!" என்று சொல்லிவிட்டு அந்த வேடத்தை உடைத்துப் பரிசை எடுக்க வேண்டும். சியூர்ட்கூட அன்று தன்னைப் பற்றிய பாட்டைப் படித்துச் சிரித்து நன்றி சொல்லியிருக்கிறார். அதைப் பார்த்து வளர்ந்ததால், எப்பேர்ப்பட்ட கையையும் அந்த மாலை கட்டிப்போட்டுவிடும் என்று ஹில்க்யா நம்பினாள்.

நான் டூக்கேயைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவனும் படகில் இருந்தான். அப்பாவின் தோள், அப்பாவின் கை. எட்டாம் வருடம் என் விலா எலும்பு முறிந்தது. படியில் விழுந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். ஹில்க்யாவிடமும் சொன்னேன்.

"எங்க வீட்டுப் படியா? அது எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்," என்றாள்.

"விடுங்க அண்ணி."

"உன்னை விடலாம். குழந்தையை யாரு கட்டிலுக்கடியில தள்ளுவா?"

எங்கள் மகள் ஃபெம்மாவுக்கு அப்போது ஆறு வயது. அப்பா படியேறும் சத்தத்தை வைத்தே இன்று எப்படியென்று சொல்லக் கற்றிருந்தாள்.

அந்த வருடம் டூக்கேயின் பரிசுக்கு ஹில்க்யா செய்தது ஒரு முஷ்டி. பழைய செய்தித்தாளை மாவுப்பசையில் ஊறவைத்து அடுக்கடுக்காக ஒட்டி, பூசணிக்காய் அளவுக்குச் செய்திருந்தாள். சிவந்த கணுக்கள், மணிக்கட்டில் டூக்கே பச்சை குத்தியிருந்த நங்கூரம், சின்னவிரல் மோதிரம் எல்லாம் அச்சு அசல். உள்ளே அவளே பின்னிய கம்பளிக் கையுறைகள்.

அன்று அவள் வீட்டில்தான் கூடினோம். சமையலறை முழுக்கப் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் வாசம். ஒரு முழ நீள மர அச்சுப்பலகையில், இடுப்பில் கைவைத்து நிற்கும் ஆள் உருவம் குடைந்திருக்கும். அதில் மாவை அழுத்தி, தட்டி எடுத்து பிஸ்கட்டாகச் சுடுவாள். ஒரு தட்டு நிறைய மாவு ஆட்கள் ஆறிக்கொண்டிருந்தார்கள். வாட்ஸே கதவைத் தட்டிவிட்டு ஓடினார். மூட்டை வந்தது. ஃபெம்மாவுக்கு அவள் பெயரின் முதலெழுத்து வடிவில் வார்த்த சாக்லெட்.

டூக்கே பொட்டலத்தைப் பிரித்தான். முஷ்டியைப் பார்த்தான்.

"படிடா," என்றாள் ஹில்க்யா.

படித்தான்:

"கடலில் வலையிழுக்கும் கை வீட்டில் எதைத் தேடுது?
கதவுக்குப் பின்னால் யார் தோள்மேல் தினம் ஆடுது?"

டூக்கே சிரித்தான். நிஜமாகவே சிரித்தான். "நன்றி, சிந்தர்க்ளாஸ்!" என்றான். முஷ்டியை ஒரே குத்தில் உடைத்துக் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டு விரல்களை ஆட்டிக் காட்டினான். "சரியான அளவு. புனிதருக்கு என் கை நல்லாத் தெரியுது." ஹில்க்யாவும் சிரித்தாள். முறை முடிந்தது, பலித்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

நான் பால் சூடாக்கச் சமையலறைக்குப் போனேன். அவன் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினான். கையுறையைக் கழற்றவில்லை.

"யார்கிட்டடி சொன்ன?"

"நான் யார்கிட்டயும்—"

முதல் அடி வாயில். பல் ஒன்று நாக்கில் வந்து விழுந்தது. தலைமுடியைப் பிடித்து, சூடு இறங்காத அடுப்பின் இரும்புக் கதவில் என் கன்னத்தை வைத்து அழுத்தினான். நான் கத்தினேன். கதவு சாத்தியிருந்தது; ஹில்க்யா இடது காதைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை. ஃபெம்மாதான் சாக்லெட்டைக் கையில் வைத்தபடியே போய் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

"அத்தை, படி."

நான் விழுந்ததாகச் சொன்ன படி. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

உள்ளே வந்தவள் மேசையிலிருந்த அச்சுப்பலகையை இரண்டு கையாலும் எடுத்து அவன் தோளில் இறக்கினாள். அவன் திரும்பினான்.

"அக்கா, நானு—"

இரண்டாவது அடி தாடையில். எலும்பு உடைந்த சத்தமும் பலகை விரிசல்விட்ட சத்தமும் சேர்ந்தே வந்தன. அவன் தட்டோடு விழுந்தான். மாவு ஆட்கள் ரத்தத்தில் சிதறினார்கள். எந்தத் தம்பிக்காக முதுகைக் கொடுத்தாளோ அவன் தலைமாட்டில், பலகையை ஓங்கியபடி நின்றாள்.

"எந்திரிச்சேன்னா மூணாவது இருக்கு," என்றாள். பிறகு திரும்பி, "ஃபெம்மா, உன் சாக்லெட்டைச் சாப்பிடு. உருகுது பாரு," என்றாள். போலீஸ் வரும்வரை பலகையைக் கீழே வைக்கவில்லை.

"நான்தான் அடிச்சேன்," என்று போலீஸிடம் அவளே சொன்னாள். நீதிமன்றம் தண்டனையாக அவளைக் குளிர்காலம் முழுக்கப் பூங்காவில் வேலை செய்ய வைத்தது. மீன் கூடத்தில் அவளுக்குப் 'பலகை' என்று பெயர் வைத்தார்கள்.

"ஏ பலகை, இன்னைக்கு யாருக்கு?"

"வரிசையில நில்லுடா. உன் பொண்டாட்டி நேத்தே முன்பதிவு பண்ணிட்டா."

ஆனால் மதிய இடைவேளையில் தனியாகத்தான் சாப்பிட்டாள். சொந்தத் தம்பியின் தாடையை உடைத்தவள் என்று அவளோடு மேசையில் உட்கார மறுத்த பெண்கள் இருந்தார்கள்.

டூக்கே தாடையில் கம்பி கட்டியபடி உறிஞ்சுகுழலில் சூப் குடித்தான். நான் ஃபெம்மாவோடு ஹில்க்யா வீட்டு மாடியில் குடியேறினேன். அவன் வடக்கே போகும் படகுகளில் சேர்ந்தான்.

திரும்பி வந்தது ஒருமுறைதான். நான்கு வருடம் கழித்து, அதே டிசம்பர் ஐந்தில். கதவு தட்டப்பட்டது. வாட்ஸே என்று நினைத்தோம். தட்டல் நிற்கவில்லை, பிறகு உதைத்தான். கதவுக் கண்ணாடி நொறுங்கி உள்ளே நடையில் கொட்டியது.

"என் மக உள்ள இருக்கா! திற! இன்னைக்கு யாரும் கோவப்படக் கூடாதுல்ல அக்கா?"

நான் ஃபெம்மாவை அணைத்துக்கொண்டு படியடியில் பதுங்கினேன். ஹில்க்யா கண்ணாடித் துண்டுகளை மிதித்து நடந்து போய், உடைந்த சட்டத்தின் வழியாகப் பலகையைத் தூக்கிக் காட்டினாள். நெஞ்சுக்குக் குறுக்கே விரிசல் ஓடிய ஆள் உருவம் அவனைப் பார்த்தது.

"நான் கோவப்படல. வேலையா இருக்கேன். போ."

அவன் கை அறுபட்டு ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் பலகையையே பார்த்தான். போய்விட்டான். காலடிச் சத்தம் அடங்கிய பிறகுதான் ஹில்க்யா தரையில் உட்கார்ந்து, தன் பாதத்திலிருந்த கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தாள். அப்போது அழுதாள். வலிக்கு அழுகிறவள் இல்லை.

பலகையை ஒட்டவும் இல்லை, மாற்றவும் இல்லை. அதன் பிறகு அவள் சுட்ட ஒவ்வொரு மாவு ஆளின் நெஞ்சிலும் குறுக்கே ஒரு கோடு இருக்கும். புதிதாக வருகிறவர்கள் கேட்டால், "நல்லா வெந்திருக்குல்ல? தின்னு," என்பாள்.

ஃபெம்மா வெளியூரில் வேலை பார்க்கிறாள்; அவள் போன பிறகு நானும் தனி வீடு பார்த்துக்கொண்டேன். நாளை காலை ரயிலில் வருகிறாள். ஐந்தாம் தேதி மாலை என்ன செய்வது என்று போனில் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் வாட்ஸேயிடம் சாவி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். தரையில் ஹில்க்யாவின் ரத்தம் காய்ந்திருந்தது; துடைத்தேன். மேசையை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். பலகையில் மாவு தூவியிருந்தது. பாதத்திலிருந்து இடுப்பு வரைதான் அழுத்தியிருந்தாள். நெஞ்சும் தலையும் இன்னும் நிரப்பப்படவில்லை.