கிரேஸ்பாய் எழுதாமல் விட்ட கேள்விகள்

பாறசாலையில் டியூஷன் நடத்தும் பாரலல் காலேஜில் நான் என்ட்ரன்ஸ் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது பிரின்சிப்பல் வாசலில் வந்து நின்றார். "டீச்சரே, உங்க கூட்டுக்காரி கிரேஸ்பாய் டாக்டர் போயாச்சு. மஞ்சக்காமாலையாக்கும். இண்ணைக்கே அடக்கம்" என்றார். பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஆரியங்கோட்டுக்குப் பஸ் ஏறினேன். சர்ச் முற்றம் கொள்ளாத கூட்டம். என் சாவுக்கு இதில் பாதிப் பேராவது வருவார்களா என்றுதான் முதலில் நினைத்தேன். அவளை அறிந்த ஊர்க்காரர்களான உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கு அவள்மேல் எட்டு வருடமாகப் பொறாமை.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு காலேஜில் படிக்கும் ப்ரீடிகிரியில் இருவரும் ஒரே பெஞ்ச். காலேஜில் முதல் மார்க் எனக்கு. அவள் எங்கோ நடுவில். ஆனால் கேரளத்தில் டாக்டர் படிப்புக்கு ப்ரீடிகிரி மார்க்கைக் கணக்கில் எடுப்பதில்லை. பாஸாகியிருந்தால் போதும், பிறகு என்ட்ரன்ஸ் ரேங்க் வைத்ததுதான் சட்டம். இஞ்சிவிளையைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கையும் சேர்த்துக் கூட்டுவார்கள். நாலு வீடு தள்ளிப் பிறக்காமல் போனேனே என்று எத்தனை நாள் புலம்பியிருக்கிறேன்.

என்ட்ரன்ஸ் எழுதிவிட்டுத் திருவனந்தபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றோம். தப்பான விடைக்கு மார்க் குறைப்பார்கள் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் நான் வாத்தியார் மகள். கேள்வியை எழுதாமல் விட்டு வருவது எங்கள் வீட்டில் பெரிய மானக்கேடு. தெரியாததற்கும் குத்துமதிப்பாக ஒரு விடை குறித்துவைத்திருந்தேன்.

"நீ எத்தன விட்டே?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் விடேல்ல."

"நான் அறியாததை எல்லாம் விட்டுட்டேன் மக்கா. தெரிஞ்ச மாதிரி குறிச்சா அது கள்ளமில்லியா?"

அவள் அப்பாவித்தனத்தை நினைத்து பாறசாலை வரை சிரித்துக்கொண்டே வந்தேன். ரேங்க் வந்தபோது அவளுக்கு மெடிக்கல் காலேஜில் சீட். எனக்கு, சீட் தீர்ந்த இடத்துக்குச் சற்றுக் கீழே பெயர். குத்துமதிப்பாகக் குறித்தவற்றை விட்டிருந்தால் நானும் உள்ளே போயிருப்பேன். இன்னொரு தடவை எழுத வீட்டில் விடவில்லை. பி.எஸ்சி. படித்துவிட்டு மற்றவர்களின் பிள்ளைகளை டாக்டராக்கக் கிளம்பினேன். கேள்வியை விடுவதெல்லாம் ஒரு படிப்பா, என் சீட்டை அவள் கொண்டுபோய்விட்டாள் என்று கண்டவரிடமெல்லாம் சொன்னேன். உங்களில் சிலர் அதைக் கேட்டுத் தலையாட்டியும் இருக்கிறீர்கள்.

போன வருடம் ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு கல்யாண வீட்டில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. அங்கே ஆஸ்பத்திரியில் அவள்தான் டாக்டர். வேறு வழியில்லாமல் கொண்டுபோனேன். வாயுவாகத்தான் இருக்கும், மருந்து கொடு என்றேன். அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தாள், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டாள்.

"வாயுண்ணு சொன்னா உனக்குச் சமாதானமா இருக்கும். எனக்கு உறப்பில்ல, நிச்சயமாத் தெரியேல்ல. அறியாத காரியத்தை வச்சு இவரை இங்க கிடத்த மாட்டேன். இப்பமே மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோணும். நானும் வாறேன்" என்றாள்.

வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் தெரியாது என்று சொல்கிறாளே, ரேங்க் வாங்கிய லட்சணம் இதுதானா என்று ஆஸ்பத்திரி ஜீப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டே போனேன். மெடிக்கல் காலேஜில் பார்த்துவிட்டு, இதயத்தில் அடைப்பு, இன்னும் ஒரு மணிநேரம் போயிருந்தால் ஆள் இல்லை என்றார்கள். அப்பா இன்றும் நான் கொடுக்கும் கஞ்சியைக் குடித்துக்கொண்டே அவள் பெயரைத்தான் சொல்கிறார். அதற்கும் எனக்குப் பொறாமை.

அடக்கம் முடிந்ததும் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மக்கா, நீயாக்கும் டாக்டர் ஆயிருக்க வேண்டியவ, அது உனக்க சீட்டுண்ணு அவ எப்பமும் சொல்லுவா."

எட்டு வருடமாக யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தவள் நான்.

"இல்ல அம்மா. அது அவளுக்க சீட்டாக்கும்" என்றேன்.

சொல்லும்போதே வயிறு எரிந்தது. அவளிடமிருந்து எனக்கு மிச்சம் இந்த எரிச்சல்தான். இதை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.