பைன் விறகில் பற்றிய கணப்பு

பழனியில் வளர்ந்த நான் ஐம்பதுகளின் கடைசியில் கல்யாணமாகிக் கொடைக்கானலுக்கு வந்தபோது, முதலில் பயம் காட்டியவை பைன் மரங்கள்தாம். என் வீட்டுக்காரர் ஒரு பங்களாவுக்குக் காவல்காரர். அதன் பின்சரிவு முழுக்க வரிசையாக நட்ட பைன். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். இலைகள் கற்றை கற்றையாகத் தொங்கும் ஊசிகள். அவை உதிர்ந்து மெத்தையாகக் கிடப்பதால் அடியில் புல்கூட முளைக்காது; கால் வைத்தால் வழுக்கும். பகலிலும் இருட்டு. காற்றடித்தால் எங்கோ ஆறு புரண்டு வருவதுபோல் இரைச்சல்.

ஓர் ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. பங்களாக்காரரும் அவர் மனைவியும் வருவதாகத் தந்தி வந்தது. அவர்களை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிய வீட்டுக்காரர், "வெரசா கூடத்துக் கணப்ப மூட்டி வையி. அந்தம்மாவுக்குக் குளிரு ஆகாது" என்றார்.

வழக்கமாக எரிக்கும் வாட்டில் என்ற மலைமரத்தின் விறகு நனைந்து, புகைந்ததே தவிரப் பற்றவில்லை. கொட்டகையில் பைன் துண்டுகள் இருந்தன. காய்கறிப் பெட்டி அடிப்பவர்களுக்காக வைத்திருந்தவை. வெட்டிய இடமெல்லாம் பிசின் தேன்போல் வடிந்து உறைந்திருந்தது. அவற்றையும் ஒரு கூடை பைன் காய்களையும் கூடத்துச் சுவரில் இருந்த கணப்பில் அடுக்கினேன். ஒரே தீக்குச்சி, குப்பென்று பிடித்தது. சந்தோஷத்தில் இன்னும் நாலு துண்டு வைத்தேன்.

சற்று நேரத்தில் புகைபோக்கிக்குள் ஏதோ உறுமத் தொடங்கியது. உறுமல் ஏற ஏற, சுவரிலிருந்த கண்ணாடி படபடத்தது. வெளியே ஓடிப் பார்த்தேன். மழைக்கு நடுவே கூரைக்கு மேல் ஓர் ஆள் உயரத்துக்குத் தீ. வயிற்றில் நாலு மாதப் பிள்ளை. வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தை நோக்கி ஓடினேன்.

கீழே வெள்ளகவி கிராமத்திலிருந்து விறகு கொண்டுவரும் பெண் அப்போதுதான் வாசலில் சுமையை இறக்கினாள். நான் குடத்தைத் தூக்கியதும் கத்தினாள்: "தண்ணிய ஊத்தாத தாயி! கல்லு வெடிச்சிரும். சாக்கு எங்க?"

"என்னக்கா எரியுது?"

"பைன வச்சியா? பொகபோக்கிக்குள்ள பழைய கரி அப்பிக் கெடக்கும், பைன் தீ ஏறி அதுதான் எரியுது. உப்ப அள்ளிப் போடு!"

பானை உப்பையெல்லாம் கணப்புத் தீயில் கொட்டினேன். இருவரும் ஈரச்சாக்கால் கணப்பின் வாயை அடைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுத்திப் பிடித்தோம். சாக்கு ஆவியடித்தது. சுவர் தகித்தது. நான் முருகா முருகா என்று அழுதேன். வெகு நேரம் கழித்துத்தான் உறுமல் தணிந்தது.

வந்தவர்களிடம் எதையும் மறைக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். அந்தம்மா என் கரிக்கையைப் பிடித்து, "உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் கொத்தனார் வந்து புகைபோக்கியில் விரல் நுழையும் விரிசலைக் காட்டினார். ஒட்டியிருந்த உத்தரம் பாதி கரிந்திருந்தது. "இன்னுங் கொஞ்சம் விட்டிருந்தா கூரை போயிருக்கும்மா."

அந்த வாரம் முழுக்கக் கணப்பு மூட்டவில்லை; எல்லோரும் சமையலறை அடுப்பைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தோம், அந்தம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு, என் பக்கத்தில்.