பயத்தையும் கூட்டிக்கொண்டு

தேவிப்ரியா அளவுக்கு நாள் பார்த்தவர்கள் திருவண்ணாமலையில் இருப்பார்களா என்பது சந்தேகம்தான். கல்யாணத்துக்கு இல்லை, டாக்டரிடம் போவதற்கு. சித்திரையில் ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் பட்டாணி போல ஒரு கட்டி தட்டுப்பட்டது. மறுநாள் போகலாம் என்றால் அஷ்டமி, அதற்கடுத்து நவமி. செவ்வாய்க்கிழமை கூடாது. பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க முடியாது. இப்படியே ஆடியும் பிறந்துவிட்டது. ஆடியில் எதையும் தொடங்கக் கூடாதல்லவா.

பஞ்சாங்கத்தின் மேல் பழி போடுவானேன், அவளுக்குப் பயம். கீழ்பென்னாத்தூரில் அவளுடைய அத்தை ராஜம்மாளுக்கும் இப்படித்தான் வந்தது. அத்தை யாரிடமும் மூச்சு விடவில்லை. வாய்விட்டுச் சொன்னபோது கைமீறிப் போயிருந்தது. அத்தை கிடந்த அறையின் வாடை இன்னும் தேவிப்ரியாவின் மூக்கில் இருக்கிறது. கணவன் முருகவேலிடம்கூடச் சொல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு சோப்பு போட்டுக் குளித்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிடிபி கடையில் டைப் அடிக்கும் வேலை. கல்யாணப் பத்திரிகையோ கண்ணீர் அஞ்சலியோ, எதையும் மனசில் ஏற்றிக்கொள்ளாமல் அடித்துத் தள்ளுவாள். அந்த ஆடியில், சர்ச்சிலிருந்து அப்பாசாமி என்ற பெரியவர் ஒரு ஜெராக்ஸ் கட்டைக் கொண்டுவந்தார். ரொம்ப காலத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் இருந்த ஞானாபரணம் ஐயர் சபையாருக்கு எழுதிய கடிதங்கள். புத்தகமாகப் போட வேண்டுமாம்.

"ஐயரா?" என்று கேட்டாள்.

"அப்பல்லாம் பாதிரியாரை ஐயருன்னுதாம்மா சொல்லுவாங்க."

மத்தியானம், வாந்திபேதிக் காலத்தில் அவர் வியாதி வீட்டுக்குப் போகப் பயந்த ஒரு பெண்ணுக்கு எழுதிய கடிதம் வந்தது.

"பிரியமான சகோதரியே, வியாதி கண்ட வீட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஜெபம் பண்ணிவிட்டுப் போகலாம் என்று வீட்டிலேயே இருந்தேன். அது ஜெபம் அல்ல, பயம். பயத்துக்கு ஜெபம் என்று பேர் வைத்துக்கொண்டேன். நான் போய்ச் சேருமுன் அடக்கம் முடிந்துவிட்டது. அடுத்த வீட்டார் கூப்பிட்டபோது கால் நடுங்க நடுங்கப் போனேன். கர்த்தர் நடுங்குகிறவனைத் தள்ளிவிடவில்லை. தைரியம் வரட்டும் என்று காத்திராதே. உன் பயத்தையும் கூட்டிக்கொண்டு போ."

அடித்துக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது. சாமிக்குப் பயந்து நாள் பார்ப்பதாக அவளும் அல்லவா சொல்லிக்கொண்டிருந்தாள். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கும் அப்படித்தான் இருந்ததம்மா என்று சொன்னது போல இருந்தது. சாமியை மாற்றிக்கொள்ளும் யோசனையெல்லாம் அவளுக்குக் கிடையாது. ஒரு பாதிரியார் பேச்சைக் கேட்பதற்கு அண்ணாமலையார் கோபித்துக்கொள்வாரோ என்று ஒரு பயம் வேறு வந்தது. இருக்கிற பயத்தோடு அதையும் சேர்த்துக்கொண்டு, சாயங்காலம் வேங்கிக்காலில் இருக்கிற வீட்டுக்குப் போனாள்.

முருகவேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னாள்.

"எப்பலருந்து?"

"சித்திரைலருந்து."

திட்டுவான் என்று பார்த்தாள். அவன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான். பிறகு கையைக் கழுவிவிட்டு, "காலைல போலாம்" என்றான்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். ரிசல்ட் வரும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வந்தது, அவள் பயந்தபடியே. ஆரம்பம்தான், ஆபரேஷன் பண்ணி மருந்து கொடுத்தால் குணமாக்கலாம், இன்னும் தள்ளியிருந்தால் சிரமம் என்றார் டாக்டரம்மா. குணமாகும் என்ற சொல் அவள் காதில் ஏறவே இல்லை. அத்தையின் அறைதான் கண்ணுக்குள் வந்தது.

வராந்தாவில் உட்காரவைத்து, "பயப்படாத, தேவி" என்றான் முருகவேல்.

"பயமாத்தாங்க இருக்குது. அது போகாது" என்றாள். "பயந்துகினே வரேன். நீங்க கைய மட்டும் வுட்றாதீங்க."