ஐஸ்கிரீம் பெட்டிக்குள் குளிர்காலம்

பிரிட்ஜின் மூலையில் நனைந்து கிடந்த பேப்பரை எடுத்தபோது எழுந்த மணம், என்னை நேரே தொண்ணூறுகளில் ஓக்லாந்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஏவன்டேல் வீட்டில் கொண்டுபோய் விட்டது. அங்கே பிரிட்ஜுக்குள், தயிருக்கும் நண்டுக்கறிக்கும் நடுவே ஓர் ஐஸ்கிரீம் பெட்டி. உள்ளே ஈரப் பேப்பரில் சுற்றிய கொலம்பைன் பூவிதைகள். கடும் குளிரில் கிடந்தால்தான் அவை முளைக்குமாம். ஓக்லாந்துக் குளிர் எங்கள் எலும்புகளுக்குத் தாராளமாகப் போதும், அந்த விதைகளுக்குத்தான் போதவில்லை.

பள்ளிக்கூடத்தால் வந்ததும் மூடியைத் திறந்து, விதைகள் மனம் மாறிவிட்டனவா என்று பார்ப்பேன்.

"திறந்து திறந்து பாக்காதை. அது நித்திரை," என்பார் அம்மா.

"செத்துப்போச்சோ அம்மா?"

"வாயைக் கழுவு!"

ஆறாவது வாரம் அம்மா விதைகளை ஜன்னலோரத் தொட்டிக்கு மாற்றினார். பிறகு பச்சையாய் ஒரு நூல் எழும்பியது; இலை விட்டதும் அதை முற்றத்தில் நட்டார். முதல் வருடம் வெறும் இலைதான், பூ அடுத்த வருடம். அதற்குள் வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார். இப்போது அங்கே டவுன்ஹவுஸ்கள் நெருங்கி நிற்கின்றன.

"புதுச்செடி ஒண்டு வாங்குவமே," என்றார் கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா.

"அது நான் நித்திரையாக்கி எழுப்பினதோ?" என்ற அம்மா, செடியை மண்ணோடு கிண்டிச் சோற்றுப்பானையில் வைத்தார். புது வீடு இருந்த மவுண்ட் ஆல்பர்ட் வரை பானை என் மடியில் வந்தது.

அடுத்த வசந்தத்தில் பூத்தது, தலையைக் கவிழ்த்துக்கொண்டு. அதன் முகத்தைப் பார்க்க மூவரும் ஈரப்புல்லில் மல்லாந்து படுத்தோம். ஆம்புலன்ஸைக் கூப்பிடவா என்று வேலிக்கு மேலால் கேட்டார் பக்கத்து வீட்டுக்காரி.

"வேண்டாம், பூப் பாக்கிறம்," என்றார் அப்பா, தமிழிலேயே.